கசக்காத நாற்று

ஜூன் 4

உங்களுக்கு,

நான் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

விவாகரத்துத் தாள் வந்து சேர்ந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் வெள்ளரி.

நம் தோட்ட வெள்ளரியைக் காட்டு வெள்ளரியோடு நாம் கலந்ததில், சாம்பல் நோயைத் தாங்கி நிற்கும் நாற்றுகள் எல்லாமே கசக்கின்றன. ஒரே குரோமோசோமில் நோய் தாங்கும் குணமும் கசப்பும் பக்கத்து வீட்டுக்காரர்கள். குரோமோசோம் இணைகள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது வெட்டு அந்த இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். அப்படி ஒரு நாற்று கிடைத்தால் ஒரு ரகமே கிடைத்த மாதிரி. ஆராய்ச்சி நிலைய இயக்குநரோ இந்த மாதத்தோடு பாத்தியைக் காலி செய்யச் சொல்கிறார்.

ஒரு வாரம் வாருங்கள். முன்பு போல ஆளுக்கொரு இலையாக, மாறி மாறி மென்று பார்ப்போம். வந்தால் தாளைக் கிழித்துப் போடவும் தயார்.

கண்ணாடிக் குடிலிலிருந்து,
நான்

ஜூன் 11

பிடிவாதக்காரிக்கு,

இங்கே தலைக்கு மேல் வேலை. வர முடியாது. வந்தாலும் முதல் நாள் வெள்ளரி, இரண்டாம் நாள் சண்டை. உனக்குத் தெரியாததா?

அவ்வளவு நெருக்கத்தில் வெட்டு விழுவது அபூர்வம். இன்னும் நிறைய விதை போடு. இல்லையென்றால் விட்டுவிடு. சில குணங்கள் ஒன்றாகத்தான் வரும்.

தாளை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நலம் விரும்புகிறவன்

ஜூன் 20

உங்களுக்கு,

பாத்தியைக் கேட்க இயக்குநரே வந்தார். பேசிக்கொண்டே கடைசி நாற்றுத் தட்டில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். "என்னம்மா, கசக்குது கசக்குதுன்னு ஊரக் கூட்டுன? இது பச்சத் தண்ணி மாதிரி இருக்கே!"

கிண்டல் என்று நினைத்தேன். நானும் மென்றேன். கசந்தது.

"காலையிலேர்ந்து இதையே மென்னா சர்க்கரையும்தான் கசக்கும். வாயக் கொப்புளிச்சிட்டு வெளிய போய்க் கொஞ்சம் உக்காரு, போ."

திரும்பி வந்து அதே நாற்றை மென்றேன். கசக்கவில்லை. இலையில் நோயும் இல்லை. வெட்டு நடுவில் விழுந்திருக்கிறது.

இருவராக மென்றபோது, உங்கள் முறை வரும்போதெல்லாம் என் நாக்கு ஆறியிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். இத்தனை வருடம் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன், நீங்கள் இல்லாமல் ஆகாது என்று.

பாத்தி தப்பியது. அடுத்த தலைமுறையிலும் இந்தப் பிரிவு நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தாள் இத்துடன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான்