லாட்ஜை விற்ற நாள்

செவ்வாய்க்கிழமை

காலையில் லாட்ஜைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டேன். வாங்கியது ஓர் அறக்கட்டளை. மனநோயிலிருந்து தேறியும் வீட்டார் அழைத்துப் போகாதவர்களை, சமைக்கவும் மருந்து கொடுக்கவும் ஆள் வைத்து, அங்கே குடிவைக்கப் போகிறார்கள். அந்தக் கட்டடம் செய்யப்போகும் முதல் நல்ல காரியம்.

மாலையில் சாவிகளைக் கொடுக்கப் போனேன். அறக்கட்டளையிலிருந்து வந்த பெண் முதல் ஆளைக் கையோடு அழைத்து வந்திருந்தாள். முனியம்மா. பல வருடம் எங்கள் லாட்ஜ் படியில் படுத்துக் கிடந்தவள்; பிறகு இவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேற்றினார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வரும் நாளில் படி சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவளை எழுப்பி விரட்டுவது என் நிர்வாகத் திறமைகளில் ஒன்று.

"உள்ள வாங்கம்மா. இனிமே இது உங்க ரூமு" என்றாள் அந்தப் பெண்.

முனியம்மா அறை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். "பௌர்ணமிக்கு நான் எங்க போவணும்?"

"எங்கயும் போவ வேணாம்மா" என்றேன்.

"நீ சொன்னா நம்பிடுவனா மொதலாளி?"

"சத்தியமா. நான் வித்துட்டேன்."

சற்று யோசித்தாள். "சரி, இன்னிக்குப் பௌர்ணமின்னு வச்சுக்கோ. வெளிய நின்னு கதவத் தட்டு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் தட்டினேன்.

"ரூம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல போய்ப் படு!"

குரலில் கோபமே இல்லை. நானும் அப்படித்தான் சொல்வேன், கோபமில்லாமல்.

அறக்கட்டளைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிகளை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறை நான் தட்டவில்லை.