பான் நம்பர் கேட்டதற்குக் காலி செய்யச் சொன்ன அண்ணாவுக்கு

அண்ணா, கையெல்லாம் பெயிண்ட் வாசம். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை. நகக்கண்ணில் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஒரு தகரத்தில் "வீடு வாடகைக்கு" என்று நானே எழுதி, வெயிலில் காயவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து போயிருக்கிறது. உங்கள் எழுத்தும் அப்படித்தான் சரியும். மூக்கில் இந்த வாசம் ஏறியதிலிருந்து உங்களைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஆமாம், நான் வீட்டுக்காரி ஆகிவிட்டேன். நீங்கள் கூப்பிடும் அந்த மாத்திரைக்காரம்மா சொந்தமாக வீடு கட்டி, அதற்கு மேலே மாடியும் எடுத்து, அதை வாடகைக்கும் விடப் போகிறாள். நீங்கள் இருந்திருந்தால் ஏரியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒவ்வொரு குழாயையும் திருகிப் பார்த்து, கொத்தனாரை ரெண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் காபி குடித்திருப்பீர்கள். நினைக்கும்போதே சிரிப்பு வருகிறது. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உங்களை முதன்முதலில் பார்த்த நாளையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எனக்கு வேலை மாறுதலாகி, நானும் என் கணவரும் தர்மபுரியில் வீடு தேடி அலைந்த நேரம். பென்னாகரம் ரோட்டுக்குப் பின்னால் உங்கள் மூன்று போர்ஷன் வீடு. வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் எங்களுக்குக் காட்டியது, அதுவரை நீங்கள் காலி செய்ய வைத்தவர்களின் கதையைத்தான். ஒருவர் தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டாரை நிறுத்தவில்லை. ஒருவர் சுவரெல்லாம் ஆணி அடித்து சாமி படம் மாட்டினார். இன்னொருவர் மொட்டை மாடியில் சேவல் வளர்த்தார். "சேவ கூவறதுல தப்பில்லீங்க. ஆனா அது மத்தியானத்துல கூவுது. அப்படிப்பட்ட சேவலோட எப்படிங்க இருக்கறது?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், சாவியை எடுத்து நீட்டினீர்கள்.

யாரைக் காலி செய்யச் சொன்னாலும் நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான் என்று பக்கத்து போர்ஷன்காரர்கள் பிறகு சொன்னார்கள். "தம்பிக்குக் கல்யாணம் கூடிருச்சு, வூடு வேணும்." தம்பி என்றால் உங்கள் மகன். அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அவனுக்கு ஒரு தடவை கல்யாணம் கூடிவிட்டது. நாங்கள் குடிவந்தபோது பாலிடெக்னிக்கில் இருந்தான். அதற்குள் எத்தனை கல்யாணம் ஆகியிருக்குமோ, பாவம், அவனுக்கே தெரியாது.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி நீங்கள் வருவதே ஒரு விசேஷம். ஒரு பையில் நிலக்கடலையோ குச்சிக்கிழங்கோ கொண்டுவந்து மூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வாடகையை வாங்குவீர்கள். "காட்டுல ரெண்டு போகம். இது மூணாவது போகம். மழை தண்ணி இல்லாம வெளையறது" என்பீர்கள். உங்களுக்கு அது உண்மையிலேயே விளைச்சல்தான். ரசீது என்ற பேச்சே கிடையாது. விளைச்சலுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

நான் அதைத்தான் கேட்டுத் தொலைத்தேன். தை மாதக் கடைசி. வீட்டு வாடகைக்கு வரிச் சலுகை வேண்டுமானால் ரசீது கொடுக்க வேண்டும், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரும் வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வந்ததும் சாதாரணமாகக் கேட்டேன். டம்ளர் உங்கள் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது.

"எதுக்குங்க அது?"

"வரி ஆபீசுக்குத்தான், அண்ணா. சும்மா ஒரு நம்பர்."

"நாங்க வெவசாயிங்க. எங்களுக்கு ஏது டேக்ஸு?"

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனீர்கள். இரண்டு நாள் கழித்து அவருக்கு போன் வந்தது. தம்பிக்குக் கல்யாணம் கூடிவிட்டதாம். "மாசிக்குள்ள பண்ணிக்குங்க. பங்குனி பொறந்துட்டா யாரும் புது வூட்ல பால் காய்ச்ச மாட்டாங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றன்." நீங்கள் அப்படித்தான். விரட்டும்போதும் நல்ல மாதம் பார்த்து விரட்டுவீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஆறு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்ததால் இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் அலையக் கூடாது, படி ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி, லீவு எழுதிக் கொடுத்திருந்தார். நீங்கள் வரும் அரை மணி நேரம் மட்டும் தொளதொள சுடிதாரோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

"அண்ணாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், விட்ருவாரு" என்றார் என் கணவர்.

"சொல்லாதீங்க. வயித்தக் காட்டி நான் வீடு கேக்க மாட்டேன்" என்றேன். என் குணம் உங்களுக்குத் தெரியுமே. கேட்டது தப்பில்லாதபோது எதற்குக் கெஞ்ச வேண்டும் என்ற கோபம் எனக்கு.

அவர்தான் தெருத்தெருவாக வீடு தேடினார். எல்லா இடத்திலும் வீடு பிடித்தது, வாடகை ஒத்துவந்தது, கடைசியில் நான் மாசமாக இருப்பது தெரிந்ததும் கதவு மூடியது. "மாசமா இருக்கற பொண்ணு புது வூட்டுக்குக் குடி வரக் கூடாதுங்களே. கொழந்த பொறந்ததும் வாங்க, உங்களுக்கே தர்றம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இருக்கிற வீட்டில் இருக்கவிடாமல் நீங்கள். போகிற வீட்டில் நுழையவிடாமல் அவர்கள். மாசி பாதி ஓடிவிட்டது. இந்தப் பிள்ளையும் போய்விட்டால் அப்புறம் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியில் மட்டும் வீராப்பு.

பிறகு அந்தக் காலை. அவர் வேலைக்குப் போய்விட்டார். வாசலில் உங்கள் செருப்புச் சத்தம். ஒரு கையில் சுத்தியல், வாயில் ஒரு ஆணி, கக்கத்தில் ஈரம் காயாத தகர போர்டு. நாங்கள் காலி செய்வதற்கு முன்பே அடுத்த ஆளைப் பிடிக்கக் கிளம்பி வந்துவிட்டீர்கள். சுவரில் இடம் பார்த்து ஆணியை வைத்து, சுத்தியலை ஓங்கிவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து நான் கதவைத் திறந்தேன். சேலையில் இருந்தேன். மறைக்க மேஜை இல்லை.

உங்கள் கை ஓங்கியபடியே நின்றது. என் வயிற்றைப் பார்த்தீர்கள். ஆணியைப் பார்த்தீர்கள். மாசமான பெண் இருக்கிற வீட்டில் யாராவது ஆணி அடிப்பார்களா? சுவரை இடிக்க மாட்டார்கள், நிலையை மாற்ற மாட்டார்கள், பள்ளம் தோண்ட மாட்டார்கள். அதெல்லாம் உங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். சுத்தியலைக் கீழே வைத்தீர்கள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நா ஒரு அடி அடிச்சிருந்தன்னா?"

அதுவரை என்னை நீங்க, வாங்க என்று மட்டுமே பேசியவர். அன்றைக்கு வீட்டுப் பெண்ணைத் திட்டுகிற மாதிரித் திட்டினீர்கள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்ட விட்டுப் போன்னு சொல்லலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாதா?"

போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பெயிண்ட் ஒட்டி சட்டையெல்லாம் சிவப்பு. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"கொழந்த பொறந்து, நடந்து, தானா படி எறங்கற வரைக்கும் வூட்டப் பத்தின பேச்சே கெடையாது. ஆனா அந்த நம்பர மட்டும் கேக்காத. அதக் குடுத்தா காட்டுக்கு வந்து அளப்பாங்களாம். அண்ணியோட நகைய எடை போடுவாங்களாம். வெவசாயிக்கு வர்ற பணமும் நின்னுபோயிருமாம்."

அவ்வளவு பயமும் அந்தப் பத்து எழுத்து நம்பருக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. என் கணவரின் நண்பர் ஒருவர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். மாலையில் அவரை வீட்டுக்கே வரச் சொன்னோம். நீங்கள் ஊருக்குப் போகாமல் காத்திருந்தீர்கள், ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

அவர் பொறுமையாகச் சொன்னார். "காட்டு வருமானத்துக்கு வரி இல்லீங்க, அது நெசம். ஆனா வாடகைக்கு உண்டு. மூணு வூட்டு வாடகையையும் கூட்டுவோம். முனிசிபாலிட்டி வரி கட்டறீங்கல்ல, அதக் கழிச்சிருவோம். மிச்சத்துல நூத்துக்கு முப்பது, மராமத்துக்குன்னு கவர்மெண்டே தள்ளிக் குடுத்துருது. பாக்கி இருக்கறது..." என்று பேப்பரில் எழுதி, அடியில் கோடு போட்டார். "நீங்க ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லீங்க."

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நான் நினைத்தேன். முகம் தொங்கிப்போய்விட்டது.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. மூணு போர்சன் இருக்குது. மேல தண்ணி டேங்க் புதுசா வச்சிருக்கறன்."

"டேங்குக்கெல்லாம் வரி இல்லீங்க."

"அப்ப நா வரி கட்டற அளவுக்குக்கூட ஆளில்லீங்களா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அண்ணா. குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. உள்ளே இருந்தவளும் ஒரு உதை விட்டாள். நீங்கள் முறைத்துவிட்டு, பிறகு நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் மெதுவாக, "ஒங்களுக்கு முன்னால இருந்த பேங்க் தம்பியும் இதேதாங்க கேட்டாரு. கைக்கொழந்தையோட அனுப்பிச்சுட்டன்" என்றீர்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பான் கார்டு வந்துவிட்டது. பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதன் மேல் ஒரு ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருந்தீர்கள். அடுத்த வாரம் அந்த பேங்க் தம்பியை விசாரித்துக்கொண்டு அரூர் வரைக்கும் போய் வந்தீர்கள். "ஏசுவாருன்னுதான் போனன். காபி வாங்கிக் குடுத்துட்டாருங்க" என்று வந்து சொன்னீர்கள். ஏசியிருந்தால் தேவலை என்பது போல இருந்தது உங்கள் முகம்.

சித்திரை முடிந்ததும் மகள் பிறந்தாள். உங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவள் நடந்தாள், தானாகப் படி இறங்கினாள், பள்ளிக்கூட வேனுக்கு ஓடினாள். நீங்கள் சொன்ன கெடு எப்போதோ முடிந்திருந்தது. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. தம்பிக்கு நிஜமாகவே கல்யாணம் ஆனபோதுகூட அவனுக்குப் பக்கத்து போர்ஷனைத்தான் கொடுத்தீர்கள். வருடா வருடம் ஆடி பிறந்தால் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய், "இந்த வருசமாவது ஏதாச்சும் வருதுங்களா?" என்று ஆசையாகக் கேட்பீர்களாம். கடைசி வரைக்கும் எதுவும் வரவில்லை. போன வருடம் கிழங்கு பிடுங்குகிற சமயத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது உங்கள் சட்டைப் பையில் பான் கார்டின் நகல் இருந்தது என்று அண்ணி சொன்னார்கள். ஏரியூர் பஸ்ஸில் வீட்டுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் அதை எடுத்துக் காட்டி, பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாமே.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். போர்டு இன்னும் காயக்கூட இல்லை, அதற்குள் ஒரு ஜோடி வந்து நின்றது. பையனுக்கு மின்சார வாரியத்தில் வேலையாம். அந்தப் பெண் வத்தல்மலைப் பக்கம். மாடியைச் சுற்றிப் பார்த்துக் கீழே வரும்போது அவன் ரெண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். எதையோ கேட்கத் தயங்குகிறான் என்று தெரிந்தது. "பான் நம்பர்தானே தம்பி? ரசீதோட தர்றேன்" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்தப் பெண் மட்டும் படியிலேயே நின்றாள். துப்பட்டாவை முன்னால் இழுத்து, கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பத்து வீட்டில் கதவு மூடியதைப் பார்த்த கண். எனக்கா அடையாளம் தெரியாது?

"எத்தனை பேரும்மா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருதாங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அண்ணா. அது என் கோபமே இல்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் பட்டீர்களே, அந்தக் கோபம். அப்படியே உங்கள் குரலில் வந்தது.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? மூணு பேருன்னு சொல்லிட்டு உள்ள வா."