பிளெக்ஸில் மட்டும் கட்டிப்பிடித்தவர்கள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

சபையில் என் இடத்தில் யாரோ ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். ஃபேனுக்கு நேர் கீழே, தூணை ஒட்டிய நாற்காலி. தகரக் கூரைக்குக் கீழே அந்த இடம் எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் என்பது திருத்தணி வெயில் தெரிந்தவனுக்குத்தான் புரியும். ஞானஸ்நானம் எடுத்த நாள் முதல் அது என்னுடையது. ‘துளசிங்கம்’ என்ற பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது கூட, பென்ஷனில் சிக்கல் வரும் என்று மறுத்தவன் நான். நாற்காலியை மட்டும் விடுவேனா?

அந்த ஆள் பாட்டும் உரக்கப் பாடுகிறார். இதுவரை சபையில் உரத்த குரல் என்னுடையதுதான்.

வரும் வழியில் ஷோபனா சொன்னாள்: “பரலோகத்துலயும் ஃபேன் எங்கன்னுதான் கேப்பீங்க போல.”

மனைவி என்றால் ஆதரவாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சந்திரமோகன் அந்தப் புது ஆளை அறிமுகம் செய்து வைத்தார். பெயர் சபாரத்தினம். மகளை இந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அகதி முகாமை விட்டு அவளோடு இருக்க வந்துவிட்டார்.

“டீ சாப்பிடறீங்களா?” என்றேன்.

“ஓம்” என்றார்.

சபைக்குள் நின்று ஓம் சொல்கிறாரே என்று திடுக்கிட்டேன். பிறகுதான் உறைத்தது, இலங்கைத் தமிழில் அது ‘ஆமாம்’. அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது!

என் செயற்கைக் காலைப் பார்த்தார். “காலுக்கு என்ன நடந்தது?”

“யாழ்ப்பாணம்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாஸ்டருக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “நீங்க அமைதிப் படை, இவரு அப்போ இயக்கத்துல இருந்தவரு. ஆண்டவர் எங்கிருந்து எங்க இட்டுகினு வந்துகீறாரு பாத்தீங்களா பிரதர்! அல்லேலூயா!”

நாங்கள் இரண்டு பேருமே அல்லேலூயா சொல்லவில்லை.

ஜூன் 17

யாழ்ப்பாணத்தில் அன்று பட்டாள லாரியை ஓட்டியது நான். பக்கத்தில் பொதட்டூர்பேட்டை வேடியப்பன். ஒரே நாளில் பட்டாளத்துக்கு எடுத்தார்கள் எங்களை. அன்றும் அவன் ஊர்த் தறி லுங்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான் — ஊருக்குப் போனதும் ஒன்று தருகிறேன் என்று. கண்ணிவெடி அவன் பக்கத்துச் சக்கரத்தில் வெடித்தது. எனக்குக் கால் போச்சு. அவனுக்கு எல்லாமே.

இந்த ஆளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட வேண்டுமாம். முடியாது. என்னால முடியாதுப்பா.

ஜூலை 7, ஞாயிறு

திருவிருந்து. மனதில் பகையை வைத்துக்கொண்டு அப்பத்தில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தே இருந்தேன். எல்லோரும் வரிசையாக முன்னால் போனார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருக்கிறார். அவர் போகிறாரா என்று நான் பார்க்க, நான் போகிறேனா என்று அவர் பார்க்க, கடைசியில் பாத்திரத்தை மூடிவிட்டார்கள்.

ஜூலை 8

ரசம் கூட இறங்கவில்லை. ஏன் என்று ஷோபனா கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 19

பஸ் ஸ்டாண்டு எதிரே பிளெக்ஸ்! நற்செய்திக் கூட்டமாம். நானும் சபாரத்தினமும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம். யாருடைய உடம்பிலோ எங்கள் தலைகள். மேலே ஒரு புறா, பின்னால் ஒரு பீரங்கி. ‘பகைவர்கள் சகோதரர் ஆனார்கள்! நேரில் வந்து சாட்சி கேளுங்கள்!’

எப்போது ஆனோம்? எனக்கே தெரியாமலா?

ஜூலை 20

சண்டை போடப் பாஸ்டர் வீட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் சபாரத்தினம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“நான் இந்த ஆள மன்னிச்சனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அதத்தான் நானும் கேக்கறேன்” என்றேன்.

“விசுவாசத்துல முன்கூட்டியே அடிச்சிட்டேன் பிரதர்” என்றார் பாஸ்டர். மேடையில் எந்த இடத்தில் அழ வேண்டும் என்று வேறு சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வந்துவிட்டோம்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் முணுமுணுத்தார்: “அந்தப் படத்தில எனக்கு மீசையே இல்ல.”

“எனக்குக் கழுத்தே இல்ல.”

சிரித்துவிட்டேன். உடனே வேடியப்பன் ஞாபகம் வந்தது. இந்தக் காலோடு முடிந்த வேகத்தில் நடந்து வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

நாளைக்கு ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி, வண்டி நகரவில்லை. பாஸ்டர் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். சபைக்கு வந்து சேர்ந்தது ஷோபனா, நான், அவர். மூன்றே பேர்.

ஷோபனா தானே ஜெபத்தை ஆரம்பித்தாள். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில், பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம். இன்று அந்த இடத்தில் அவர் குரலும் நின்றது. வெளியே இருந்து அரோகரா மட்டும் கேட்டது.

அவளும் நிறுத்தினாள். “நான் ஒருத்தி மன்னிச்சா போதுமா? ரெண்டு பேரும் சொல்ற வரைக்கும் ஆமென் கெடயாது. வீட்டுல சோறும் கெடயாது.”

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “உங்கட லொறியில உங்களோட வந்தவர் செத்தவர் எண்டு பாஸ்டர் சொன்னவர். அவற்ர பேர் என்ன?”

“வேடியப்பன்.”

“அந்த ரோட்டில கண்ணிவெடிக்கு வயர் இழுத்தது நானோ தெரியாது. வேற ரோட்டில இழுத்தனான். அது உண்மை. என்ர தம்பி குகன். தண்ணி அள்ளப் போனவன். ஷெல் விழுந்தது. ஆரெண்டு தெரியாது. உங்கட பக்கத்தால வந்தது.”

மனதில் பட்டதைச் சொன்னேன். “உங்கள மன்னிக்கணும்னு எனக்கு ஆசையே இல்லீங்க. ஆண்டவர் சொல்லிட்டாரேன்னுதான் பாக்கறேன்.”

“எனக்கும் அதே கரைச்சல்தான்” என்றார். “அவர் சொல்லாட்டி நான் இந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டன்.”

அந்த வரியைச் சொன்னோம். அவர் பாதியில் உடைந்தார். நான் முடித்தேன். ஆமென் சொன்னது ஷோபனாதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு பேரும் எழுந்து போய் அப்பம் வாங்கினோம். பாஸ்டர் அழுதார். நாங்கள் அழவில்லை.

ஆகஸ்ட் 10

கூட்டம் நடந்தது. மேடையேறி நான் குகன் பெயரைச் சொன்னேன், அவர் வேடியப்பன் பெயரைச் சொன்னார். இறங்கி வந்துவிட்டோம். கட்டிப்பிடிக்கவில்லை. முன்வரிசையில் போன் தூக்கிக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

செப்டம்பர் 18

அரக்கோணத்தில் சபாரத்தினத்துக்குக் கண்புரை ஆபரேஷன். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீங்கள் வந்தால் போதும்” என்று நேற்றே சொல்லிவிட்டார். ரயிலில் போகும்போது வாய் ஓயாத மனிதர், உள்ளே கூப்பிட்டதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்து வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணில் கட்டு. நர்ஸ் பொண்ணு கேட்டது: “கூட வந்தவரு யாரு? நீங்க இன்னா வேணும் இவருக்கு?”

“அண்ணன்” என்றேன்.

உண்மையில் அவர்தான் எனக்கு இரண்டு வயது மூத்தவர். கட்டுப் போட்ட கண்ணோடு அதைத் திருத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஓம்” என்றார். “அண்ணைக்கு இருக்க ஒரு கதிரை குடுங்கோ பிள்ளை. அவரால கனநேரம் நிக்க ஏலாது.”