மூன்றாவது வரி

மே 4

அன்பு வாலுவுக்கு, அக்கா எழுதுவது.

சாப்பிட்டாயா, கொஞ்சமாவது தூங்கினாயா? போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், ஒன்றும் பேசாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் இறப்புப் படிவங்கள் வருகிற பையிலேயே இதையும் திணித்து அனுப்புகிறேன். ஆபீசில் தெரிந்தால் திட்டுவார்கள். திட்டட்டும்.

அப்பா போய் ஆறு நாள் ஆகிறது. தொற்று பரவுகிறதென்று சாலையை அடைத்துவிட்டதால் என்னால் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. டாக்டர் மகள் நீ பக்கத்தில் இருந்தாயே என்று மனசைத் தேற்றிக்கொண்டு இன்றுதான் வேலைக்கு வந்தேன். மேசையில் அறுபத்தொரு படிவங்கள்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். டாக்டர்கள் நீங்கள் படிவத்தில் மூன்று வரி எழுதுகிறீர்கள். கடைசியில் என்ன ஆனது, அது எதனால், எல்லாவற்றுக்கும் மூலம் எது. அரசாங்கக் கணக்கில் ஏறுவது அந்த மூன்றாவது வரிதான். அதற்கு ஓர் எண் போடுகிறவள் நான். 'இதயம் நின்றுவிட்டது' என்று மட்டும் எழுதி அனுப்புகிற டாக்டர்களை இங்கே கிண்டல் செய்வோம், செத்த பிறகு யாருக்கய்யா இதயம் ஓடுகிறது என்று.

நாற்பதாவது படிவம் அப்பாவுடையது. உன் கையெழுத்து. முதல் வரி மூச்சுத்திணறல். இரண்டாவது இதயச் செயலிழப்பு. மூன்றாவது, பழைய இதய நோய்.

போவதற்கு நாலு நாள் முன்னால்தான் அப்பா என்னிடம் போனில், "நல்ல ஜுரம்மா, சோப்பு வாசனைகூடத் தெரியல" என்றார். படிவத்துக்கு எண் போடாமல் வைத்திருக்கிறேன். நீ நினைப்பது தப்பு அக்கா என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா

மே 6

அக்கா,

நீ நினைப்பது சரிதான்.

அன்று வார்டில் நான் ஒருத்திதான் டாக்டர். தொற்று என்று எழுதினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ காகிதத்தைத்தான் பார்க்கிறாய். உடம்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார்கள். வீட்டு வாசலைப் பார்க்காமல் வார்டிலிருந்து நேராக வண்டிக்குப் போய்விடும். என் கையாலேயே இருபது பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். அப்பா என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு கண்ணு" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது.

அதனால் பரிசோதனைக்குச் சளி எடுக்கவில்லை. பரிசோதனை இல்லையென்றால் தொற்றும் இல்லை. இருபது வருஷமாக இதயத்துக்கு மாத்திரை போட்டவர்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

நானே குளிப்பாட்டி, நீலச் சட்டை போட்டு, கூடத்தில் படுக்க வைத்தேன். தெருவிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். சித்தப்பா அண்ணன் முகத்தோடு முகம் வைத்து அழுதார். அவரை நான் இழுக்கப் போனேன், என்ன சொல்லி இழுப்பது?

நீ ஓர் எண்ணைப் போட்டுவிடு. இது வெளியே வந்தால் என் பட்டம் போகும், ஜெயில்கூட இருக்கலாம். வார்டில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போலீசோ என்று திரும்பிப் பார்க்கிறேன். உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வாலு

மே 7

என் கண்ணே வாலு,

நேற்றே எண் போடத்தான் உட்கார்ந்தேன். நம்பு. இதய நோய்க்கான எண் எனக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கை ஓடவில்லை.

இந்த எண் எங்கே போகிறது என்று உனக்கும் தெரியாது, நீ வார்டைத்தான் பார்க்கிறாய். ஒரு தெருவில் தொற்றால் முதல் சாவு என்று நான் பதிந்தால், மறுநாள் காலை அந்தத் தெருவுக்குப் பரிசோதனை வண்டி போகும். நம் தெருவுக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பதினோரு பேரும் இதய நோய்க்காரரைப் பார்த்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள், பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள்.

படிவத்தை 'மூல காரணத்தை மீண்டும் உறுதி செய்க' என்று சீட்டு ஒட்டித் திருப்பியிருக்கிறேன். தொற்றுச் சந்தேகம் என்று எழுதவும் உனக்கு உரிமை உண்டு, பரிசோதனை இல்லாவிட்டாலும் அதற்குத் தனி எண் இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

படிவம் கிடக்கட்டும். முதலில் வீடு வீடாகப் போய்ச் சொல். இன்றைக்கே போ.

அக்கா

மே 9

அக்கா,

போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை இரண்டு முறை வந்தேன்.

நேற்று சித்தி கூப்பிட்டார். சித்தப்பாவுக்கு ஜுரமாம். "மழையில நனைஞ்சாரு, அதான். வேற ஒண்ணும் இருக்காதுல்ல? உங்கப்பாவுக்கு ஹார்ட்டுதானேம்மா?"

நான், "ஆமா சித்தி, ஜுர மாத்திரை குடுங்க, சரியாயிடும்" என்றேன்.

வைத்த பிறகு குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போதும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன், திட்டாதே.

வாலு

மே 10

வாலு,

ஒன்பது முறை அடித்தேன். எடுக்கவில்லை. அதனால் சித்தியைக் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன். படிவத்தில் இருப்பதை வெளியே சொன்னதற்கு எனக்கு வேலை போனால் போகட்டும்.

சித்தி, "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வைத்துவிட்டார்.

இனி நீ மறைக்க ஒன்றுமில்லை. பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்தாகிவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. சித்தப்பாவை வார்டுக்குக் கொண்டு வா. என்னோடு பேசவே வேண்டாம், அவரைக் காப்பாற்று.

அக்கா

மே 21

அக்கா,

இந்தப் பையில் நம் வீட்டுப் படிவங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது. மூன்றாவது வரியைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் நகலைப் பெரிய டாக்டரிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். வேறு டாக்டர் வரும்வரை வேலை பார், அப்புறம் விசாரணை என்றார். அதனால் இன்னும் வார்டில்தான் இருக்கிறேன்.

சித்தப்பா போக மீதிப் பத்து பேர் வீட்டுக்கும் போனேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். கடைக்கார அண்ணன் கீழே உட்கார்ந்துவிட்டார், அவர் வீட்டில் கைக்குழந்தை. பரிசோதனை வண்டி வந்தது. ஆறு பேருக்குத் தொற்று இருக்கிறது. குழந்தைக்கு இல்லை.

இன்னொரு படிவம் சித்தப்பாவுடையது. இன்று காலை ஏழேகால். பத்து நாள் பக்கத்திலேயே இருந்தேன், முடியவில்லை. மூன்று வரியும் சரியாக இருக்கிறது, நீ திருப்ப வேண்டியிருக்காது.

சித்தி வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். பத்து நாளில் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று கண்ணாடியில் கை வைத்துப் பேசினார்.

"உங்கப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டினியே. இவரையும் என்கிட்ட குடுத்துடு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

முடியாது சித்தி என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்தான் ஜிப்பை இழுத்தேன்.

வாலு