கதவுப் படத்துக்குக் கீழே என் பெயர்

முந்தாநாள் தபாலில் சென்னைப் பதிப்பகத்தின் உறை வந்தது. பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை. என் கேலிச்சித்திரங்களைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். அட்டைக்கு ஒப்புதல் கேட்டிருந்தார்கள். அட்டையில் இருந்தது அந்தக் கதவுப் படம். அதன் கீழே வால் சுழித்த என் கையெழுத்து. போலகத்து வீட்டுக் கூடத்தில் மின்விசிறியைக்கூடப் போடாமல் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். புயல் ஓய்ந்த மறுநாள். வீடு போய்விட்டது, வாசற்கதவும் நிலையும் மட்டும் நிற்கின்றன. சேதம் கணக்கெடுக்க வந்த அதிகாரி மரியாதையாகக் கதவைத் தட்டுகிறார். அந்தப் பக்கம் வெட்டவெளியில், தண்ணீருக்கு மேலே கால்களைத் தூக்கி நாற்காலி விளிம்பில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர், "தாழ்ப்பாள் போட்டிருக்கு, சுத்தி வாங்க" என்கிறார்.

அதை வரைந்தது நீ. திருவல்லிக்கேணி அறையில் நான் மஞ்சள்காமாலையோடு சுருண்டு கிடந்த வாரம் அது. ஒருவன் படுத்துவிட்டால் மற்றவன் அவன் பாணியிலேயே வரைந்து, கையெழுத்தையும் அவனைப் போலவே போட்டுக் கொடுப்பது நமக்குள் இருந்த வழக்கம். உன் குடை விளம்பரம் இரண்டை நானும் வரைந்திருக்கிறேன். ஆனால் விளம்பரத்தில் யார் பெயரும் வராது. உனக்கு அதுதான் வசதி. உருவம் வரைவது உன் வாப்பாவுக்குப் பிடிக்காது. காரைக்கால் வீட்டில், பட்டணத்தில் அச்சாபீஸ் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாய். நீ வரைந்த சோப்புக் குழந்தையும் தலைவலித் தைலக்காரரும் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள், உன் வீட்டுக்குத் தெரியாமல்.

கதவுப் படம் வந்த பிறகு பத்திரிகை ஆசிரியர் எனக்கு வாராவாரம் முழுப்பக்கம் கொடுத்தார். வந்த பாராட்டுக் கடிதங்களை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். கால் வரைய வராமல் எல்லோருக்கும் வேட்டியைத் தரைவரை இழுத்துவிடுகிறவன் நான். உன் ஆளுங்க யாருக்குமே பாதம் கிடையாதாடா என்று கேலி செய்வாய். நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பத்துக் கால்விரல்களைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்த மறு வருடம், அரசலாறு கடலில் சேரும் இடத்தில் நடந்துகொண்டிருந்தோம். நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய்: "இனிமே மறைக்க ஒண்ணுமில்லடா. அந்தக் கதவுப் படம் நான் போட்டதுன்னு எங்கயாவது ஒரு தடவை எழுதேன்."

"இப்ப சொன்னா யாருடா நம்புவா?" என்று சிரித்து மழுப்பினேன். நம்பியிருப்பார்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான். முழுப்பக்கம் போய்விடுமோ என்ற பயம். நீ அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. என்னிடம் முன்போலவே பேசினாய், முன்போலவே கேலி செய்தாய். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீ இறந்த நாற்பதாம் நாள், உனக்காகப் பாத்திஹா ஓதுவதற்கு வந்தபோது உன் மகள் என்னிடம் வந்தாள். வாப்பா வரைந்ததென்று காட்ட வீட்டில் ஒரு படம்கூட இல்லை, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா மாமா என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

நேற்று பதிப்பகத்தைக் கூப்பிட்டு, உன் பெயர் இல்லாமல் அந்த அட்டை வரக்கூடாது என்றேன். இத்தனை காலம் கழித்து எதற்கு சார் என்று இழுத்தார்கள். அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். இன்று காலை பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய், உன் மகள் முன்னால் அட்டையை வைத்தேன்.

"இது உங்க வாப்பா போட்டதும்மா."

அவள் அதிர்ந்துபோகவில்லை. படத்தைக் கையில் எடுத்து, உன் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"தெரியும் மாமா. வாப்பா சொல்லியிருக்காங்க. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. நாப்பதாம் நாள் அன்னைக்கு மனசு கேக்காமத்தான் ஒரு வார்த்தை கேட்டுட்டேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மன்னித்திருப்பாள், உன் மகள்தானே. அதனாலேயே சொல்லாமல் திரும்பிவிட்டேன். அந்த மன்னிப்பை நீதான் எனக்குக் கொடுத்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய காலத்தில் நான் உன்னிடம் கேட்கவில்லை.