நீல நூலும் நீர் சொன்ன சாட்சியும்

இணுவில் மேற்கு,
1938 ஆடி 9.

அன்புள்ள மகன் பரமலிங்கம் காண்க,

கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் உமது அம்மாவும் உடம்பால் சுகம், மனதால் எப்படி என்பதை மேற்கொண்டு வாசித்து அறிந்துகொள்ளும். நீரும் அங்கே நோய்நொடியில்லாமல் இருக்க அவரே துணை. உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சீமைக்குப் போய் இன்னும் ஒரு வருடம் பூதக்கண்ணாடி பழக உங்கள் பரிசோதனைச்சாலைத் துரை உம்மைத் தெரிவு செய்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர். அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு இறைக்கப் போய்விட்டேன். கொழும்பில் இவ்வளவு காலம் மயிரையும் நூலையும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பழகி நீர் கண்டது என்னவென்று யாழ்ப்பாண நீதிமன்றத்தில் என் இரண்டு காதாலும் கேட்டவன் நான்.

வழக்கு உமக்குத் தெரியும், அதனால் நான் பட்டது தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். சித்திரையில் கனகரத்தினத்தாரின் புகை போடும் குடிலில் புகையிலைச் சிப்பங்கள் களவு போனபோது முட்கம்பி வேலியில் ஒரு நீல நூல் சிக்கிக் கிடந்தது. அவருக்கும் பக்கத்துக் காணி மார்க்கண்டுவுக்கும் ஒழுங்கைப் பாதைத் தகராறு பழையது, மார்க்கண்டு உடுத்திருந்ததும் நீலச் சாறம். பொலிசு சாறத்தையும் நூலையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டது என்று அறிந்த நாளிலிருந்து கனகரத்தினத்தார் என்னைக் கண்ட இடமெல்லாம், "உம்மடை பெடியன்ரை கையிலைதான் எல்லாம் கிடக்கு" என்பார். நானும் ஒரு மடையன், "அவன் பாத்தால் பிழை வராது" என்று சொல்லி வைத்தேன். அவருடைய மகள் கமலாவதியை உமக்குக் கேட்கலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சும் அப்போது இருந்தது. வழக்கு முடியுமட்டும் அதை உமக்கு எழுதக்கூடாது என்று விட்டிருந்தேன்.

வழக்கு நாளன்று அவருடைய காரிலேதான் கோட்டுக்குப் போனோம். உள்ளே பாதிச் சனம் எங்கள் ஊர்ச் சனம். நீர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சாட்சிக் கூண்டில் ஏறி இங்கிலிசில் சொல்ல, அதை ஒருவர் தமிழில் திருப்பிச் சொன்னார். கம்பியில் இருந்தது பருத்தி நூல், அதன் சாயமும் முறுக்கும் இந்தச் சாறத்தின் நூலோடு ஒத்திருக்கின்றன என்று சொன்னீர். கனகரத்தினத்தார் சந்தோஷத்தில் என் தொடையில் தட்டினார். அந்த இடத்தில் நீர் கூண்டைவிட்டு இறங்கியிருந்தால் என்ன? மார்க்கண்டுவுக்காக வாதாடிய அப்புக்காத்து எழும்பி, இந்தச் சாறத்தின் நூல்தான் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றீர். வேறொரு சாறத்தினுடையதாக இருக்கலாமா என்றார். இருக்கலாம் என்றீர். அதோடும் விட்டீரா? யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவிலிருந்து அதே மாதிரி நீலச் சாறங்களை நீராகவே எடுப்பித்துப் பார்த்தீராம், எல்லாவற்றின் நூலும் கண்ணாடிக்குக் கீழே ஒன்றுபோலவே இருந்ததாம். உம்மை யார் கேட்டது அதைப் பார்க்கச் சொல்லி? எனக்கு முன்னால் இருந்த ஒரு மனிதர் திரும்பி, "உதைச் சொல்லவோ கொழும்பாலை வந்தவர்?" என்றார். நான் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அது போதாதென்று, வெளியே காத்து நின்ற என்னைக் கண்டும், தீர்ப்பு வருமட்டும் கதைக்கக் கூடாது ஐயா என்று ஒரு வார்த்தையோடு ரயிலுக்குப் போய்விட்டீர். உமக்கென்று அம்மா காய்ச்சிய ஒடியற் கூழ் மாட்டுத் தொட்டிக்குப் போனது. நானே உம்மைத் துரத்திவிட்டது போல அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மார்க்கண்டு விடுதலையானான். மறுநாள் அவன் பெண்சாதி நல்லம்மா ஒரு கடகம் கத்தரிக்காயோடு வாசற் படலையில் வந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்தில், "என்ரை மகன் உன்ரை புருஷன் களவெடுக்கேல்லை எண்டு சொல்லேல்லை, சொல்ல ஏலாது எண்டுதான் சொன்னவன்" என்றேன். அவள், "அதே போதும் ஐயா. மற்ற எல்லாரும் கண்ணாலை கண்ட மாதிரியெல்லோ கதைச்சவை. தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னது உங்கடை மகன் ஒருத்தர்தான்" என்று அழுதாள். என்னைக் கேளாமலே அம்மா கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். களவெடுத்தது யாரென்று இன்றைக்கும் தெரியாது. மார்க்கண்டுவாகவே இருக்கவும் கூடும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை கோயில் வீதியில் பல பேருக்கு முன்னால் கனகரத்தினத்தார் என்னை மறித்து, "உம்மடை மகன் மார்க்கண்டுவிட்டை எவ்வளவு வாங்கினவர்?" என்று கேட்டார். அதுவரை நானும் அவரோடு சேர்ந்து உம்மை ஏசிக்கொண்டிருந்தவன்தான். அதைக் கேட்டதும், "வாங்கிறவன் எண்டால் உம்மிட்டையெல்லோ வாங்கியிருப்பான்! காசு கிடக்கிறது உம்மிட்டை. அவன் கண்டதைச் சொன்னவன், காணாததைச் சொல்லேல்லை" என்று கத்திவிட்டேன். கோயிலடியில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. குருக்கள்கூட வெளியே எட்டிப் பார்த்தார். கனகரத்தினத்தார் போய்க் காரில் ஏறினார். கமலாவதி பேச்சும் அதோடு சரி. நல்ல பிள்ளை, வேறு யாரோ கொண்டுபோகப் போகிறார்கள். இனி உமக்கு வேறிடத்தில் பெண் பார்க்க வேண்டும், அந்த அலைச்சலும் என் தலையில்தான்.

கப்பலுக்கு முன் ஒரு கிழமையாவது வந்து நின்று போம், அம்மாவின் கோபத்தை நீரே வந்து தீர்த்துவிடும். கம்பளிச் சட்டை தைப்பித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கண்ணுக்கு ஓய்வு கொடும். அடுத்த முறை எங்கள் ஊர் வழக்கு வந்தால் வேறு யாரையேனும் அனுப்பச் சொல்லும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. களவு போனது என் புகையிலையென்றாலும் நீரே வந்து பாரும். சொல்ல முடியாது என்றால் முடியாது என்றே சொல்லும். நான் ஏசத்தான் ஏசுவேன், அதற்காக மாற்றிச் சொல்ல வேண்டாம்.

கடல் கடந்து போகிற இடத்தில் உமது கண்ணுக்கும் வாக்குக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். புறப்படும் திகதியை மறவாமல் எழுதும்.

உமது நன்மையே வேண்டும் ஐயா,
க. நமசிவாயம்