உப்பு கூடிய வரி

அன்பு மகளுக்கு,

பாடகியான உன் அம்மாவைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியப் பக்கத்தில் நேற்று நீ எழுதிய வரியை நீக்கியது நான்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கலைக்களஞ்சியத்தில் பாடகர்களின் பக்கங்களைச் சரிபார்க்கிறேன். பத்திரிகை ஆதாரம் இல்லாத எதையும் விட்டுவைத்ததில்லை.

அவள் இறந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் 'மணமாகாதவர்' என்றே எழுதின. "கல்யாணம் ஆனது தெரிஞ்சா ரசிகருங்க போயிடுவாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். இருபது வருடம் பொறுத்துக்கொண்டேன்.

நீ உன் பெயரைப் போடவில்லை. 'மகளின் பிறந்தநாளுக்குக் கொரிய வழக்கப்படி கடற்பாசி சூப் வைப்பார், எப்போதும் உப்பு கூடிவிடும்' என்று மட்டும் எழுதியிருந்தாய். அது உண்மை என்று சொல்ல இனி நாம் இரண்டு பேர்தான்.

வெள்ளிக்கிழமை உன் பிறந்தநாள். சியோலுக்கு வந்துவிடு. சூப் நான் வைக்கிறேன், உப்பைக் கூட்டியே.

அப்பா